மழைக்காலக் கிடாரியும் நமது சங்கங்களும்

நமது சங்கங்களின் கடன் பேரேட்டைப் புரட்டும்போது, கறவை மாட்டுக் கடன் என்ற தலைப்பின் கீழ்ப் பக்கம் பக்கமாகக் கணக்குகள் இருக்கக் காண்கிறோம். ஈரோடு கருங்கல்பாளையம் சந்தையிலோ, தரகர் மூலமாகக் கர்நாடகத்திலோ வாங்கி வந்த பசுவின் விலை, அதற்குரிய காப்பீடு, மாதத் தவணை, பாக்கி யாவும் ஒழுங்காகப் பதிவாகியுள்ளன. அந்தப் பசு ஈன்ற பெண் கன்றைப் பற்றி ஒரு வரியும் கிடையாது. கன்று பிறந்ததும் அது அங்கத்தினரின் சொந்தக் கவலையாகிவிடுகிறது. அது இரண்டரை ஆண்டில் கறவைக்கு வருமா, மூன்றரை ஆண்டு ஆகுமா, அல்லது இடையிலேயே அடிமாட்டு விலைக்குப் போய்விடுமா என்பதைச் சங்கம் கேட்பதில்லை. சில ஆண்டுகள் கழித்து அதே அங்கத்தினர் இன்னொரு பசு வாங்குவதற்காக இன்னொரு கடன் மனுவுடன் வந்து நிற்கிறார்.

வீட்டிலேயே பிறந்த கிடாரியை உரிய காலத்தில் பசுவாக்கத் தவறியதன் விலையையே நாம் மீண்டும் மீண்டும் கடனாகக் கொடுத்து வருகிறோம் என்பது நமது அபிப்பிராயம். அந்தத் தவறுதல் பெரும்பாலும் ஒரே பருவத்தில், அதாவது புரட்டாசிக் கடைசியில் தொடங்கி மார்கழி வரை நீளும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நேர்கிறது. கறக்கும் பசுவுக்கு அந்த நாட்களிலும் எவ்வாறேனும் தவிடும் பிண்ணாக்கும் கிடைத்துவிடும். மாலையில் பால் குறைந்தால் வீட்டாருக்கு உடனே தெரிந்துவிடுமல்லவா? கிடாரி இளைப்பதை அளந்து காட்டும் படி எதுவும் வீட்டில் இல்லை. ஒழுகும் தாழ்வாரத்தின் ஓரத்தில், சேற்றில் நின்றுகொண்டு, நனைந்த வைக்கோலை மென்று அது காலம் தள்ளுகிறது.

இதனால் ஏற்படும் நஷ்டம் எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். கலப்பினக் கன்று ஒன்று பிறக்கும்போது 28 கிலோ இருந்ததாகக் கொள்வோம். சினை ஊசி போடுவதற்கு அது ஏறக்குறைய 250 கிலோ எட்டியிருக்க வேண்டும். கிடாரி பருவத்திற்கு வருவது வயதைக் காட்டிலும் எடையையே பொறுத்தது. நாளொன்றுக்கு 450 கிராம் வீதம் எடை கூடினால் 493 நாட்களில், அதாவது பதினாறு மாதம் சென்றதும், அந்த எடை வந்துவிடும். சினைக்காலம் ஒன்பது மாதத்தைச் சேர்த்தால் இருபத்தாறாவது மாதத்தை ஒட்டி முதல் ஈற்று. இதே கிடாரி ஒரு மழைக்காலத்தின் தொண்ணூறு நாட்களும் வளராமல் நின்றுவிட்டால் 40 கிலோ போயிற்று. தை பிறந்து நல்ல தீனி கிடைத்தபின் ஓரளவு ஈடு கட்டும். முழுவதும் ஈடு கட்டாது. ஆடியில் பிறந்த கன்று முதல் மழையை மூன்றாம் மாதத்திலும் இரண்டாவது மழையைப் பதினைந்தாம் மாதத்திலும் சந்திக்கிறது. முதல் மழையில் கன்று இறந்துபோகக் கூடும். இரண்டாவது மழையோ, பருவத்திற்கு வரவேண்டிய நேரத்தில் குறுக்கிடுகிறது. இளைத்த கிடாரி பருவ அறிகுறியைக் காட்டுவதில்லை. காட்டினாலும் மங்கலாகவே காட்டும். அடைமழையில் அதைக் கவனிப்பாரும் இல்லை. ஒரு முறை தவறினால் அடுத்த முறைக்கு 21 நாட்கள் காத்திருக்க வேண்டும். இவ்வாறு ஆறு மாதம் பிந்திப்போன கிடாரி, பிற்பாடு நாளுக்கு எட்டு லிட்டர் கறப்பதாகக் கொண்டால், 1,440 லிட்டர் பால் அந்த வீட்டிற்கு வராமல் போயிற்று. அந்த ஆறு மாதத் தீனிச் செலவு வேறு.

பயிர்த்தொழில் செய்யும் அங்கத்தினர்களைவிட நெசவாள அங்கத்தினர்களுக்கு இக்கணக்கு அதிகமாக உறைக்கும் என்று நம்புகிறோம். மழை பிடித்துக்கொண்டால் குழித்தறியின் குழியில் நீர் ஊறுகிறது. தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போட்டு உலர்த்துவதற்கு வெயில் கிடையாது. தறி நின்ற வாரங்களில் கூலியும் நின்றுவிடுகிறது. அந்த வாரங்களில் அரிசிக்கும் மளிகைக்கும் கை கொடுப்பது கொல்லையில் கட்டியிருக்கும் பசுவின் பால் பணமே. அந்தப் பசு வற்றுவதற்குள் அடுத்ததாக ஒரு கிடாரி தயாராக இருக்குமாயின், அவ்வீட்டில் அடுப்பு அணையாது.

செய்ய வேண்டியவற்றுள் கொட்டகை முதலாவது. கொட்டகை என்றதும் சிமெண்டுத் தளம், தகரக் கூரை, பெரிய மதிப்பீடு என்று நினைத்து அங்கத்தினர்கள் பின்வாங்குகிறார்கள். கிடாரிக்கு வேண்டியவை காய்ந்த படுக்கையும், தலைக்குமேல் ஒழுகாத கூரையும், காற்றோட்டமுமே. தரை சுற்றுப்புறத்தைவிட ஓர் அடியேனும் உயர்ந்திருக்க வேண்டும். கிராவல் மண் கொட்டி நன்றாகத் திமிசு போட்டு இறுக்கி, நாற்பது அடிக்கு ஓரடி என்ற கணக்கில் சரிவு கொடுத்து, மூத்திரமும் சாரல் நீரும் வடியும்படி சிறு வாய்க்கால் வெட்டிவிட்டால் போதும். ஒரு வயதுக் கிடாரிக்குக் கூரைக்குள் இரண்டு சதுர மீட்டருக்குக் குறையாமல் இடம் வேண்டும். வடகிழக்குப் பக்கம் சாரல் அடிக்கும் திசையாதலால் அங்கே கீற்றுத் தட்டியோ சாக்குப் படுதாவோ கட்டி, மழையில் இறக்கி, மழை விட்டதும் ஏற்றிவிட வேண்டும். சிலர் நாற்புறமும் அடைத்துவிடுகின்றனர். உள்ளே போனால் மூத்திர நெடி நம் கண்ணைக் கரிக்கிறது. அந்தக் காற்றைச் சுவாசிக்கும் கன்றுக்கு நுரையீரலில் சளி பிடிப்பதில் வியப்பென்ன?

தீனி விஷயத்தில், மழைக்காலத்தில் பசுமை மிகுதி, ஆகவே கவலையில்லை என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது பாதிதான் சரி. மழை குடித்து வளர்ந்த கம்பு நேப்பியர்ப் புல்லில் நீரே மிகுதி. கிடாரியின் வயிறு நிரம்பிவிடும். உடம்பில் சேர்வது குறைவு. காலையில் அறுத்த புல்லைக் கூரையின் கீழ் அரைநாள் வாடவைத்து, வைக்கோலுடன் கலந்து கொடுப்பது நல்லது. 150 கிலோ எடையுள்ள கிடாரிக்கு நாளொன்றுக்குப் பத்துக் கிலோ பசும்புல்லும், ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமாக வைக்கோலும், அதே அளவு கலப்புத் தீவனமும், 25 கிராம் தாது உப்புக் கலவையும் கொடுத்தால் மேலே நாம் சொன்ன 450 கிராம் வளர்ச்சியை எதிர்பார்க்கலாம். அகத்தி, வேலிமசால், சூபாபுல் ஆகியவற்றின் தழை உள்ளவர்கள் கலப்புத் தீவனத்தைச் சிறிது குறைத்துக்கொள்ளலாம்.

வைக்கோலில் புரதம் நூற்றுக்கு மூன்று நான்கு பங்குக்கு மேல் இல்லை. நூறு கிலோ வைக்கோலுக்கு நான்கு கிலோ யூரியாவை ஐம்பது லிட்டர் நீரில் கரைத்துத் தெளித்து, மிதித்து அடுக்கிக் காற்றுப் புகாமல் மூன்று வாரம் மூடி வைத்தால் அதன் சத்தும் செரிமானமும் உயர்கின்றன. மழைக்கு முன்பே செய்து வைக்க வேண்டிய வேலை இது. பிரித்து எடுத்தபின் காற்றாட விட்டே கொடுக்க வேண்டும். ஆறு மாதத்திற்குட்பட்ட கன்றுகளுக்குக் கூடாது. கரைசல் வாளியை மாட்டின் வாய்க்கு எட்டும் இடத்தில் வைப்பது ஆபத்து.

பூஞ்சை பற்றியும் ஒரு வார்த்தை. கடலைக்கொடிப் போரும் பிண்ணாக்கு மூட்டையும் மழையில் ஈரம் கோத்துப் பூத்துவிடும்போது, மனிதனுக்கு ஆகாததை மாட்டுக்குப் போடு என்ற வழக்கம் தலைகாட்டுகிறது. அந்தப் பூஞ்சையின் நஞ்சு கல்லீரலைக் கெடுத்து, இளங்கன்றை வளரவொட்டாமல் செய்துவிடும். மூட்டைகளைப் பலகை மேல், சுவரை ஒட்டாமல் அடுக்குவதற்குச் செலவு ஒன்றுமில்லை. வறட்சிக்குப்பின் முதல் மழையில் துளிர்த்த இளஞ்சோளப் பயிரில் மாட்டை விட்டு ஒரே நாளில் பறிகொடுத்தவர்களை நமது அங்கத்தினர்கள் அறிவார்கள். விசேஷ வீட்டில் மிஞ்சிய சோற்றைக் கூடை கூடையாகக் கொட்டுவதும் வயிற்றில் புளிப்பேறி உயிரைக் குடிப்பதே.

இனி, எல்லாவற்றிலும் அதிகமாகத் தவறு நேரும் ஒட்டுண்ணி விஷயத்திற்கு வருவோம்.

பிரிட்டன், அயர்லாந்து போன்ற குளிர்நாடுகளில் இலையுதிர் காலத்தில் கிடாரிகளைப் புல்வெளியிலிருந்து ஓட்டிவந்து கொட்டிலில் அடைத்துவிடுவர். வசந்தம் வரை அவை வெளியே செல்வதில்லை. ஆகவே அடைக்கும்போதோ, அடைத்துச் சில வாரம் சென்றோ தக்க புழு மருந்து கொடுத்துவிட்டால், புதிய புழு ஏறுவதற்கு வழியில்லாமல் குளிர்காலம் முழுவதும் பலன் நிற்கிறது. அங்கே எழுதப்பட்ட முறைகளை இங்கே அப்படியே எடுத்துச் சொல்லும் மருந்துத் துண்டுப் பிரசுரங்களை நாம் பார்க்கிறோம். நம் கிடாரி மழை விட்ட ஒவ்வொரு நாளும் வரப்புக்கும் ஏரிக்கரைக்கும் போய் வருகிறது. ஐப்பசியில் கொடுத்த மருந்தின் பலன் கார்த்திகைப் புல்லிலேயே போய்விடும். இங்கே மழைக்கு முன் ஒரு முறையும், மழை முடியும் தறுவாயில் ஒரு முறையுமாக இரு மருந்துகளைத் தனித்தனியே சிந்திக்க வேண்டியிருக்கிறது.

தனித்தனியே என்று நாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. உருண்டைப் புழுக்கள் ஒரு வகை. அவற்றுள் சில இரைப்பையிலிருந்து இரத்தத்தை உறிஞ்சிக் கிடாரியை வெளுக்கச் செய்யும். ஈரல் புழு, அசையூண் இரைப்பைப் புழு ஆகிய தட்டைப் புழுக்கள் வேறொரு வகை. தட்டைப் புழு நேரே மாட்டிலிருந்து மாட்டுக்குத் தொற்றுவதில்லை. சாணத்தோடு விழுந்த முட்டை நீரில் பொரித்து, நத்தைக்குள் புகுந்து, அங்கே பெருகி வெளிவந்து, நீரோரப் புல்லின் தண்டில் கூடு கட்டி ஒட்டிக்கொள்கிறது. அந்தப் புல்லைத் தின்ற கிடாரிக்கே புழு ஏறுகிறது. ஆகையால் வயல் நீர் வடிந்து, நத்தை நின்ற இடமெல்லாம் புல் முளைத்து, மாடுகள் ஆசையோடு இறங்கும் மார்கழி, தை மாதங்களில் தீமை உச்சத்தை அடைகிறது. தாடையின் கீழ்ப் பை போல வீங்குவதும், நாற்றமடிக்கும் கழிச்சலும் அப்போது காணப்படும்.

கடையில் கேட்டவுடன் கிடைக்கும் மருந்து எல்லாப் புழுவுக்கும் ஆகும் என்று எண்ணக்கூடாது. ஐவர்மெக்டின் ஊசி உருண்டைப் புழுவையும் உண்ணியையும் தாக்கும். தட்டைப் புழுவை ஒன்றும் செய்யாது. ஃபென்பெண்டசோல் உருண்டைப் புழுவுக்கு நல்லது. தட்டைப் புழுவுக்கு ஆக்ஸிக்ளோசனைடு, டிரைகிளபெண்டசோல் போன்றவற்றுள் எது தக்கது என்பதைக் கால்நடை மருத்துவரே சொல்ல வேண்டும். முன்னது அசையூண் இரைப்பைப் புழுவையும் கேட்கும், பின்னது ஈரல் புழுவுக்கே உரியது. ஆல்பெண்டசோலைச் சினை பிடித்த தொடக்க மாதங்களில் கொடுத்தால் கருவுக்குக் கேடு. சாணப் பரிசோதனை செய்து கேட்பது உத்தமம். ஆனால் அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு: அசையூண் இரைப்பைப் புழுவின் இளம்பருவமே மிகக் கொடியது, அது இன்னும் முட்டையிடத் தொடங்கியிராது. கழிச்சல் கண்ட கிடாரியின் சாணத்தில் முட்டை இல்லை என்று அறிக்கை வந்ததால் மட்டும் கவலையை விட்டுவிடலாகாது.

அளவு குறித்தும் சொல்ல வேண்டும். கொங்கு நாட்டில் ஒரு நெசவாள அங்கத்தினரின் கொட்டகையில் இரண்டு கிடாரிகள் எலும்பு தெரிய நிற்கக் கண்டு, புழு மருந்து கொடுத்ததுண்டா என்று விசாரித்தோம். “போன மாசந்தானுங்க ஐயா கொடுத்தேன். மாத்திரை ஒண்ணுதான் இருந்துச்சு, ரெண்டு கிடேரிக்கும் பாதி பாதியா ஒடச்சுக் குடுத்துப்போட்டேனுங்க” என்றார். அவருடைய மனத்தில் நியாயம் இருந்தது. இரண்டு பிள்ளைகளுக்கும் சமமாகப் பங்கிட்டார். அரை மருந்தில் பலவீனமான புழு சாகும், வலிய புழு தப்பும்; தப்பியதன் சந்ததிக்கு முழு மருந்தும் நாளடைவில் ஏறாமல் போகும். மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. எடை மேடை இல்லாத ஊரில் தையற்காரரின் நாடாவே போதும். முன்னங்கால்களுக்குப் பின்புறமாக நெஞ்சுச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பிட்ட எலும்பு வரை நீளத்தையும் சென்டிமீட்டரில் எடுத்து, சுற்றளவைச் சுற்றளவாலும் பிறகு நீளத்தாலும் பெருக்கி 10,840 ஆல் வகுத்தால் எடை கிலோவில் ஏறத்தாழக் கிடைக்கும். சுற்றளவு 150, நீளம் 125 எனில் 259 கிலோ. சங்கத்தின் எழுத்தர் ஒரு நிமிஷத்தில் போட்டுவிடக்கூடிய கணக்கு.

இளங்கன்றுக்கு முதல் மருந்து பிறந்த இரண்டாம் வாரத்திலேயே தேவை. தாய்ப்பாலின் வழியாகவே அதற்கு உருண்டைப் புழு வந்துவிடுகிறது. பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறையும், அதற்குமேல் மூன்று மாதத்திற்கு ஒரு முறையும் கொடுப்பது வழக்கத்திலுள்ள முறை. நீரோரப் புல்லை நீர்மட்டத்திற்கு மேலாக அறுத்து, வெயில் கண்டபோது நன்றாக உலர்த்திப் போட்டால் தட்டைப் புழுவின் வரவு பெரிதும் குறையும். அறுவடை வயலில் மேயும் வாத்து மந்தைகளைச் சிலர் விரட்டுகின்றனர். அவை தின்பவற்றில் இந்த நத்தையும் உண்டென்பதை நினைவூட்டுகிறோம்.

உண்ணிக்கு வைத்தியம் செய்பவர்கள் மாட்டை மட்டும் பார்க்கிறார்கள். இரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் வெடிப்பிலும் கல் இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. சுவரைப் பூசிச் சுண்ணாம்பு அடிக்காமல் மாட்டுக்கு மட்டும் மருந்து தெளிப்பது, ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதாகவே முடியும். மழையில்லாத நாளாகப் பார்த்துத் தெளித்து, இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி தெளிக்க வேண்டும். தைலேரியா, பபேசியா முதலிய இரத்த நோய்களை இந்த உண்ணிகளே பரப்புகின்றன. கலப்பின மாடுகளுக்கு இவை மிகக் கடுமையானவை.

தடுப்பூசிகளைப் பற்றி விரித்துரைக்கத் தேவையில்லை. தொண்டை அடைப்பானுக்கும் சப்பை நோய்க்கும் மழைக்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். கோமாரிக்கும், நான்கு முதல் எட்டு மாதப் பெண் கன்றுகளுக்குக் கன்று வீச்சு நோய்க்கும், 2019 இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இலவசமாகவே போடுகிறார்கள். முகாமுக்கு ஓட்டிச் செல்வதே நம் பங்கு.

இவற்றுள் பெரும்பாலானவற்றைத் தனி ஒருவர் செய்து பயன் காண்பது கடினம். ஒரே ஏரிக்கரையில் மேயும் நாற்பது வீட்டு மாடுகளில் பத்து வீட்டார் மட்டும் மருந்து கொடுத்தால், மற்ற முப்பது வீட்டுச் சாணம் அந்தக் கரையை மறுபடியும் நிரப்பிவிடும். இது சங்கம் செய்ய வேண்டிய வேலை என்று நாம் வற்புறுத்துவது இதனால்தான். மருந்தை மொத்தமாக வாங்கி, மருத்துவரை வரவழைத்து, ஊர் முழுவதும் ஒரே வாரத்தில் கொடுக்கச் செய்வதற்குப் பொது நல நிதியிலிருந்து செலவிட இயலும் சங்கங்கள் பல உள்ளன. அந்நிதி பெரும்பாலும் எதற்குச் செலவாகிறது என்பதைப் பற்றி நாம் இங்கே பேசப்போவதில்லை.

கடன் விஷயத்தில் சங்கத் தலைவர்கள் நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்றே. “கிடாரிக்குக் கடன் கொடுத்தால் தவணை எங்கேயிருந்து வரும்? அது இன்னும் கறக்கவே இல்லையே?” என்கிறார்கள். கேள்வி நியாயமானது. 2018-19 இல் கால்நடை வளர்ப்புக்கும் விரிவாக்கப்பட்ட உழவர் கடன் அட்டை, ஆண்டுக் கணக்கில் சுழலும் நடைமுறை மூலதனத்திற்கானது. இரண்டு ஆண்டு வருமானமே தராத கிடாரிக்கு அதன் சட்டை அளவு பொருந்தவில்லை. நமது யோசனை இது. கிடாரிக் கடனை ஒரே தொகையாகக் கொடாமல், கொட்டகைத் தரை உயர்த்த ஒரு பகுதி, முதல் மழைத் தீனிக்கும் மருந்துக்கும் ஒரு பகுதி, இரண்டாவது மழைக்கு ஒரு பகுதி என்று பிரித்து, தீவனமாகவும் பொருளாகவும் கொடுக்கலாம். இரண்டாம் பகுதியையும் மூன்றாம் பகுதியையும் நாடாவில் அளந்த எடை கூடியிருந்தால்தான் விடுவிப்பது. காதில் மாட்டியுள்ள பன்னிரண்டு இலக்க எண்ணைப் பேரேட்டில் பதிந்து, காப்பீடும் செய்துவிட்டால் ஈடு இல்லை என்ற பேச்சுக்கு இடமில்லை. ஈன்ற இரண்டு மாதம் கழித்துப் பால் பணத்திலிருந்து தவணை பிடிப்பது. சந்தையிலிருந்து முன்பின் தெரியாத பசுவை, அதன் உண்ணியோடும் நோயோடும் தரகோடும் சேர்த்து வாங்குவதற்குக் கொடுக்கும் தொகையில் பாதி கூட இதற்கு வேண்டியதில்லை.

பால் பணம் என்றதும் ஒரு சங்கடம் எழுகிறது. ஒரே வீட்டார் நெசவாளர் சங்கத்தில் ஓர் எண்ணும், தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் ஓர் எண்ணும், பால் உற்பத்தியாளர் சங்கத்தில் மற்றோர் எண்ணுமாக மூன்று பாஸ் புத்தகங்கள் வைத்திருக்கிறார்கள். மூன்று சங்கங்களும் வெவ்வேறு துறைகளின் பார்வையில் இயங்குபவை. ஒன்றின் செயலாளர் மற்றொன்றின் படி ஏறுவதில்லை. கடன் கொடுக்கும் சங்கமும் பால் வாங்கும் சங்கமும் தவணைப் பிடித்தத்திற்கு ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளாமல் மேற்சொன்ன யோசனை நடவாது. பாலினம் பிரித்த உறைவிந்தின் உதவியால் பெண் கன்றுகள் அதிகமாகப் பிறக்கத் தொடங்கியுள்ள இந்நாளில், பிறக்கும் கிடாரிகளை வளர்க்க வழி செய்யாவிட்டால் அந்த விந்துக்குச் செலவிட்ட மானியத்திற்கும் பொருளில்லை.

துணைவிதிகளில் திருத்தம் தேவைப்படுமாயின் அதற்குப் பேரவையின் தீர்மானம் வேண்டும். பதிவுக்கும் நாட்கள் பிடிக்கும். மழைக்குமுன் காரியம் ஆக வேண்டுமானால் ஆடி மாதத்திற்குள் பேரவையைக் கூட்டுவது நலம். நிகழ்ச்சி நிரலில் இதை ஒரு பொருளாகச் சேர்க்கும்படி எந்த அங்கத்தினரும் எழுத்து மூலம் கோரலாம். ஊரில் எத்தனை கிடாரிகள் உள்ளன, ஒவ்வொன்றின் வயதும் நெஞ்சுச் சுற்றளவும் என்ன என்ற பட்டியலை அதற்குமுன் எழுத்தர் தயாரித்து வைத்திருந்தால், விவாதம் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.